துணை ஒப்பந்தம்

புதுச்சேரி,
18 ஜூலை 2005

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் பூங்கொடியும் நலமா என்று எழுதக் கை கூசுகிறது. தார் ஷீட் கொட்டகையில் இந்த வெயிலில் கிடப்பவர்களிடம் என்ன நலம் விசாரிப்பது? போனில் பேசலாம் என்றால், கோட்டுச்சேரி பூத்தில் முதுகுக்குப் பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், வாயைத் திறக்க முடியவில்லை என்கிறாய். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

நல்ல செய்தி. மண்டபத்தூருக்கு வீடு வருவது உறுதியாகிவிட்டது. போன வாரம் ஒப்பந்தம் கையெழுத்தானது. பணம் கொடுப்பது கடல் தாண்டி இருக்கும் ஒரு நகரசபை. சுனாமியை டிவியில் பார்த்துவிட்டு அந்த ஊர் ஜனங்கள் பள்ளிக்கூடத்திலும் சந்தையிலும் உண்டியல் வைத்துச் சேர்த்தது. இந்தப் பக்கம் மூன்று துறைகள். நிலம் எடுத்துத் தருவது ஒன்று, வீடு கட்டுவது ஒன்று, யார் யாருக்கு வீடு என்று பட்டியல் தருவது ஒன்று. இவர்களுக்கு நடுவில் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நான் வேலை பார்க்கும் திட்டப் பிரிவு. வெளிநாட்டுப் பணம் என்பதால் டெல்லியும் சரி என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத அதிகாரிகள் ஒரே மேசையில் உட்கார்ந்து வரிசையாகக் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தபோது, இந்த வேலைக்கு வந்ததில் எனக்கு முதல்முறையாகப் பெருமையாக இருந்தது.

அதன் தமிழ் வடிவத்தை எழுதியது நான்தான். ஊர்க்காரர்கள் படித்தால் புரிய வேண்டும் என்று நகரசபையிலிருந்து வந்த அம்மையார் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அதில் ஒரு விதி உனக்குப் பிடிக்கும். பட்டா புருஷன் பெயரில் மட்டும் கிடையாது. இருவர் பெயரிலும் வரும், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கணவனை இழந்தவள் என்றால் அவள் பெயரில் மட்டும்.

இங்கேதான் உன் விஷயம் வருகிறது. அத்தான் பெயர் காணாமற்போனவர்கள் பட்டியலில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் அப்படி ஓர் இனமே இல்லை. இருக்கிறவர், இறந்தவர், அவ்வளவுதான். அத்தான் இறந்துவிட்டார் என்று நீ ஒரு வாக்குமூலம் கொடுத்தால் சான்றிதழ் தருவார்கள். நிவாரணத்தை நீ தொட மறுத்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. இது வீடு, அக்கா. யோசித்துப் பார்.

உன் தம்பி,
அருள்மணி


மண்டபத்தூர் கொட்டகை,
3 ஆகஸ்ட் 2005

அன்புத் தம்பி அருள்மணிக்கு அக்கா விசாலாட்சி எழுதிக்கொண்டது.

உன் கடிதம் கிடைத்தது. பூங்கொடியை விட்டு ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். பிறகு நானே படித்தேன். இருவர் பெயரிலும் பட்டா என்பது நல்ல விதிதான். அதை எழுதின கை நன்றாக இருக்கட்டும்.

ஆனால் நீ கேட்டதை நான் செய்ய முடியாது.

ஊருக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அலை வந்த அன்றைக்கு அவர் கரையில் இல்லை. அதற்கு முந்தின நாள் சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூத்தார் சுப்ராயனோடு தொழிலில் சண்டை, இனி அண்ணன் போட்டில் ஏற மாட்டேன், மேற்குக் கரைக்குப் போகிறேன் என்று நின்றார். நான் போக வேண்டாம் என்றேன். பேச்சு முற்றிப்போய், “போறதுன்னா ஒரேயடியாப் போயிடுங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினாரா, கோபம் தணிந்து திரும்பி வந்து கரையில் வலைக் குவியல் பக்கம் படுத்துக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் நான் மீன் கூடையோடு கோட்டுச்சேரியில் இருந்தேன். பூங்கொடி டியூஷனுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் மணல் இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்து, கோவிந்தராசு எங்கே என்றார்கள். வீட்டைவிட்டுப் போய்விட்டார் என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? நான் அழுததைப் பார்த்து அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள்.

மேற்குக் கரையில் மால்பே துறைக்கு வேலைக்குப் போகிற பையன்களிடம் போட்டோ கொடுத்துக் கேட்கச் சொன்னேன். அங்கே அப்படி யாரும் இல்லை என்றார்கள். செத்திருந்தால் நான் சொன்ன சொல்லால் செத்தார். உயிரோடு இருந்தால் நான் சொன்ன சொல்லால்தான் வராமல் இருக்கிறார். எது என்று தெரியாமல் நான் எப்படி எழுதிக் கொடுப்பது? உயிரோடு இருக்கிற மனுஷனைச் செத்தார் என்று பெண்டாட்டி எழுதிக் கொடுத்தாள் என்றால், அது கொலைதான்.

வீடு இல்லாவிட்டால் போகட்டும். நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


புதுச்சேரி,
21 நவம்பர் 2005

அன்புள்ள அக்காவுக்கு,

மழையில் கொட்டகைக்குள் முழங்கால் தண்ணீர் என்று பேப்பரில் படித்தேன். பூங்கொடிக்குக் காய்ச்சல் என்று பஞ்சாயத்துத் தலைவர் செல்லையன் இங்கே வந்தபோது சொன்னார். நீ எழுதவில்லை.

உன் கடிதத்துக்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு சொல்லைச் சேர்க்க முடியுமா என்று பார்க்கிறேன். ‘காணாமற்போனவர்’ என்ற ஒரே சொல். அப்படிப்பட்டவரின் மனைவிக்கு, சான்றிதழ் கேட்காமல், அவள் பெயரில் வீடு. அவர் திரும்பி வந்தால் அவர் பெயரையும் சேர்த்துக்கொள்வது. இதற்குத் துணை ஒப்பந்தம் என்று பெயர். அம்மையாரிடம் சொன்னபோது, “இதை முதலிலேயே நாங்கள் கேட்டிருக்க வேண்டும்” என்றார். உன் பெயரைச் சொல்லவில்லை. என் அக்கா என்றும் சொல்லவில்லை.

ஆனால் நாலு பேர் சேர்ந்து போட்ட முடிச்சை நாலு பேரும் சேர்ந்துதான் அவிழ்க்க முடியும். பட்டியல் தரும் துறை, நிலத் துறை சரி என்றால் எங்களுக்குச் சரி என்கிறது. நிலத் துறை, சட்டக் கருத்து வேண்டும் என்கிறது. கட்டும் துறைக்கு யார் பெயரில் வீடு என்பது பற்றிக் கவலை இல்லை, பட்டியலை மட்டும் சீக்கிரம் முடியுங்கள் என்கிறது. அந்த நகரசபையோ கூடி விவாதித்துத் தீர்மானம் போட வேண்டும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தேதி வாங்கி, நாற்காலி போட்டு, டீ சொல்லி, குறிப்பு எழுதி அனுப்புகிறேன். எல்லாரும் நல்லவர்களாகத்தான் பேசுகிறார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பயனாளிகள் பட்டியலை மாசியில் மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் நகரசபையின் பணத்தில் புதுப் பெயர் சேர்க்க வழியில்லை. அதற்குள் துணை ஒப்பந்தம் வராவிட்டால்? மூத்தார் வாக்குமூலம் கொடுத்தாலும் போதும், கூடப் பிறந்தவர் என்று செல்லையன் சொல்கிறார். நீ கையெழுத்துப் போட வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டால் போதும்.

அருள்மணி


மண்டபத்தூர்,
2 டிசம்பர் 2005

தம்பிக்கு,

வேண்டாம். மூத்தாரும் வேண்டாம், செல்லையனும் வேண்டாம், நீயும் வேண்டாம்.

அந்தச் சொல் சேருகிறபோது சேரட்டும். நான் காத்திருக்கிறேன். காத்திருப்பது எனக்குப் புதிதில்லை.

பூங்கொடிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

அக்கா


புதுச்சேரி,
20 பிப்ரவரி 2006

அன்புள்ள அக்காவுக்கு,

பட்டியலில் உன் பெயர் வந்துவிட்டது. இரண்டாவது தெரு, கிழக்கு பார்த்த வீடு. பூங்கொடிக்குத் தனியாகப் படிக்க ஓர் அறை இருக்கிறது. பின்னால் கதவு வைத்த குளியலறை.

எப்படி வந்தது என்று கேட்காதே. போன மாதம் கொட்டகைக்கு வந்திருந்தபோது, பூங்கொடி விடிவதற்கு முன்னால் எழுந்து, யாரும் பார்க்காமல் குளிப்பதற்குப் புடவையைக் கட்டி மறைப்பு செய்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போகிற பெண். அதற்கு மேல் என்னால் தேதிகளை எண்ணிக்கொண்டு உட்கார முடியவில்லை.

கோபம் வரும் என்று தெரியும். வீட்டுக்குள் போய் நின்று பார்த்துவிட்டு அப்புறம் கோபப்படு.

அருள்மணி


மண்டபத்தூர்,
15 மார்ச் 2006

அருள்மணிக்கு,

வீட்டுக்குள் போய் நின்று பார்த்தேன். இப்போது எழுதுகிறேன்.

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஆள் வந்தார். மீன் இறக்குகிற நேரம், ஊரே கரையில் நின்றது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, சாவி வாங்க இது வேண்டும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சான்றிதழைக் கையில் கொடுத்தார். அவர்மேல் தப்பில்லை. கொடுக்கச் சொன்னதைக் கொடுத்தார். கீழே வாக்குமூலம் கொடுத்தவர் சுப்ராயன் என்று இருந்தது. சாட்சி என்ற இடத்தில் உன் பெயர். உன் கையெழுத்தை நான் உனக்கு ஸ்லேட்டில் கற்றுக்கொடுத்திருக்கிறேன். வேறு யாருடையது என்று ஏமாந்துபோக வழியில்லை.

அதுவரைக்கும் ஊர் என்னை ஒன்றும் சொன்னதில்லை. உடம்பு கிடைக்கவில்லை, அவள் பொட்டோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தார்கள். காகிதம் வந்த பிறகு விட முடியுமா? சர்க்காரே சொல்லிவிட்டது, இனி கருமாதி செய்யாமல் இருந்தால் ஊருக்கு ஆகாது என்று மூத்தார் வீட்டில் பேச்சு எழுந்தது. மூன்றாம் நாள் பெண்கள் வந்தார்கள். என்னைச் சுற்றி உட்கார்ந்து மாரடித்து அழுதார்கள். அவர்கள் அழுகை பொய்யில்லை. அலையில் போன தங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்து அழுதார்கள். எனக்குத்தான் கண்ணீர் வரவில்லை. என் தாலியை அவர்கள் தொடக் கூடாது என்று நானே கழற்றினேன். பூங்கொடி தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் எழுந்திருப்பேன். அதற்கு அடுத்த வாரம் அவளுக்குப் பரீட்சை.

வீடு நன்றாக இருக்கிறது. அவளுக்காகக் குடிவந்துவிட்டேன். குளியலறைக் கதவு நன்றாகச் சாத்துகிறது.

நீ நல்லதுக்குத்தான் செய்தாய் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் தெரியும். அதனால்தான் உன்னைத் திட்டக்கூட முடியவில்லை. இனி எழுதாதே.

விசாலாட்சி


புதுச்சேரி,
28 ஏப்ரல் 2006

அக்கா,

எழுதாதே என்றாய். இதை மட்டும் எழுதிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீ கேட்கக் கூடாது.

துணை ஒப்பந்தம் நேற்றுக் கையெழுத்தானது. நகரசபை தீர்மானம் போட்டுவிட்டது. பட்டியல் மூடும் தேதியையும் அவர்களே தள்ளிவைத்தார்கள். சட்டக் கருத்து சாதகமாக வந்தது. மூன்று துறைகளும் ஒரே நாளில் கையெழுத்திட்டன. நான் எழுதிய வாக்கியத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. காரைக்காலை அடுத்த பட்டினத்திலும் மற்ற ஊர்களிலும், கணவன் எங்கே என்று தெரியாத பெண்கள் யார் முன்னாலும் எதையும் எழுதிக் கொடுக்காமல் வீடு வாங்கப் போகிறார்கள். இங்கே எல்லாரும் எனக்குக் கை கொடுத்தார்கள். லட்டு வாங்கி வைத்திருந்தார்கள்.

உனக்காகத் தொடங்கியது அது. உனக்கு மட்டும் உதவாமல் போய்விட்டது. இன்னும் இரண்டு மாதம் நான் பொறுத்திருக்கலாம். தேதியைத் தள்ளிவைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கத் தோன்றவில்லை.

அருள்மணி


புதுச்சேரி,
5 பிப்ரவரி 2007

அக்கா,

பொங்கல் சீர் திரும்பி வந்துவிட்டது. பார்சலின் மேல் ‘பெற மறுக்கப்பட்டது’ என்று தபால்காரர் எழுதியிருக்கிறார். கரும்பு காய்ந்துவிட்டது. மஞ்சள் கொத்தை எடுத்துத் தொட்டியில் நட்டு வைத்தேன்.

உனக்கு என்ன நிறத்தில் புடவை வாங்குவது என்று தெரியாமல் கடையில் வெகுநேரம் நின்றேன். கடைக்காரப் பெண், அக்காவுக்கு என்ன வயசு என்று கேட்டாள். வயசைச் சொன்னேன். அவள் அரக்குச் சிவப்பை எடுத்துப் போட்டாள். அதையே வாங்கினேன். அது தப்பா, சரியா என்று கேட்க எனக்கு ஆளில்லை.

பூங்கொடி நர்ஸிங் சேர விரும்புவதாகச் செல்லையன் சொன்னார். சேரட்டும்.

அருள்மணி


மண்டபத்தூர்,
12 செப்டம்பர் 2007

தம்பி அருள்மணிக்கு,

முதலில் உட்கார். உட்கார்ந்துகொண்டு படி.

அத்தான் உயிரோடு இருக்கிறார்.

பஞ்சநாதனை உனக்குத் தெரியும், நம் பழைய வீட்டுக்கு அடுத்த வீடு. போன மாதம் மேற்குக் கரையில் கங்கொள்ளி என்ற துறைக்கு வேலைக்குப் போனவன் அவரை நேருக்கு நேர் பார்த்திருக்கிறான். ஊரில் யாரிடமும் சொல்லாமல் என்னிடம் வந்து சொன்னான். நான் மறுநாளே அவனைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். பூங்கொடியிடம் கல்யாண வீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொன்னேன்.

வலை காயப்போடுகிற கொட்டகை ஒன்றில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். தாடி வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் முதலில் என் நெற்றியைப் பார்த்தார். அப்புறம் கழுத்தை. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, “சாப்டியா?” என்றார்.

நான் கேட்கக் கேட்கச் சொன்னார். அலை அடித்தபோது அவர் ரயிலில் இருந்திருக்கிறார். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்ததாம். பட்டினத்துக்காரர் ஒருவர் மூலம் நானும் பிள்ளையும் பிழைத்திருக்கிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். உடனே வரக் கிளம்பியவருக்குக் கால் எழவில்லை. “ஊர் பொணத்தத் தூக்குறப்ப நான் இல்ல. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது?” என்றார். வெறுங்கையோடு வரக் கூடாது, கொஞ்ச நாள் ஆகட்டும், கொஞ்ச நாள் ஆகட்டும் என்று ஒரு வருஷம் ஓடியிருக்கிறது.

இனிமேல் எழுதுவதைத் திட்டுவதற்காக எழுதவில்லை. நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

போன வருஷம் பங்குனியில் அவர் வந்திருக்கிறார். எனக்குப் புடவையும் பூங்கொடிக்குக் கைக்கடிகாரமும் வாங்கிக்கொண்டு காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியிருக்கிறார். அங்கே மூத்தாரைப் பார்த்திருக்கிறார். மூத்தார் அவரைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார். அழுதுவிட்டுச் சொல்லியிருக்கிறார்:

“நீ செத்துட்டேன்னு நாந்தான்டா எழுதிக் குடுத்தேன். கருமாதியும் முடிஞ்சிபோச்சி. நீ இப்ப ஊருக்குள்ள வந்தா வீட்டப் புடுங்கிடுவான். எனக்கு ஜெயிலு. சாட்சி போட்ட அருள்மணிக்கு வேலை போயிடும்.”

அவர் கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். பூங்கொடி படிக்கிறாளா என்று கேட்டாராம். படிக்கிறாள், பரீட்சை எழுதியிருக்கிறாள், புது வீட்டில் அவளுக்குத் தனி அறை என்று மூத்தார் சொன்னாராம். புடவையையும் கடிகாரத்தையும் என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நம் ஊர் எவ்வளவு தூரம், தம்பி? நான் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிற தூரம்.

என்னோடு வாருங்கள் என்று கெஞ்சினேன். “செத்தவன் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். அதனால ஒரு வீடு நிக்கிதுல்ல” என்றார். என் சொல்லுக்காகக் கோபமா என்று கேட்டேன். எந்தச் சொல் என்றார். அவருக்கு நினைவே இல்லை.

கடிகாரத்தை மட்டும் கொடுத்தனுப்பினார். பூங்கொடியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

நீ காகிதத்தில் ஒரு மனுஷனைச் சாகடித்தாய். காகிதத்தில் அவரைப் பிழைக்க வைக்க என்ன செய்ய வேண்டுமோ செய். வீடு போனால் போகட்டும்.

அக்கா


புதுச்சேரி,
9 டிசம்பர் 2007

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் மேலதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, “இத நீ எங்கிட்ட சொல்லல, நான் கேக்கல. வீட்டுக்குப் போ” என்றார். நான் போகவில்லை. எழுதிக் கொடுத்தேன். அத்தான் கிளம்பிப் போனது தெரிந்தே சாட்சி போட்டேன் என்றும், மூத்தார் என் வற்புறுத்தலால்தான் வாக்குமூலம் கொடுத்தார் என்றும் எழுதினேன். அது உண்மையும்கூட. அவருக்குத் தம்பி போன துக்கம். நான்தான் அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். போன மாதம் என்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். விசாரணை நடக்கிறது. மூத்தாரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

அத்தானைப் பிழைக்க வைக்கத்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது. வீடு கட்டியபோது மாதம் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள், கட்டி முடித்ததும் அவரவர் கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். எங்கள் திட்டப் பிரிவை மூடியாகிவிட்டது. சான்றிதழை ரத்து செய்ய, பட்டியல் தந்த துறை எழுத வேண்டும் என்றார்கள். அவர்கள், ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இனி எங்களுக்குத் தொடர்பில்லை என்றார்கள். நிலத் துறையில், வீட்டை எங்களிடம் ஒப்படைத்தால் வாங்கிக்கொள்ள எங்களுக்கு உத்தரவில்லை என்றார்கள். இறந்தவர் உயிரோடு வந்தால் என்ன செய்வது என்று நாங்கள் கையெழுத்திட்ட எந்தத் தாளிலும் இல்லை.

கடைசியில் அந்த நகரசபை அம்மையாருக்கு எழுதினேன். யாரென்று மறைக்காமல், என் அக்கா என்றே எழுதினேன். ஒரே வாரத்தில் பதில் வந்தது. துணை ஒப்பந்தம் இன்னும் செல்லும். காணாமற்போன கணவர் திரும்பினால் அவர் பெயரையும் சேர்க்க வேண்டும் என்பது நாம் ஒத்துக்கொண்டதுதான். அந்த வீடு அந்தக் குடும்பத்தினுடையது என்று நகரசபைத் தலைவர் கையெழுத்தோடு எல்லாத் துறைகளுக்கும் அனுப்பிவிட்டார். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக ஏறினேன். ரத்து உத்தரவு நேற்றுக் கைக்கு வந்தது. நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

வீடு போகாது, அக்கா. அன்றைக்கு அத்தான் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, அவருக்காகத்தான் இங்கே ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டிருந்தோம். அவர் வந்தால் வீடு போய்விடும் என்று மூத்தாரை நினைக்க வைத்தது என் அவசரம். இதற்கு மன்னிப்புக் கேட்டால் அது மிகச் சிறிய சொல்லாக இருக்கிறது.

உத்தரவை எடுத்துக்கொண்டு அத்தானிடம் போ. நான் வரலாமா என்று கேட்கத் துணிச்சல் இல்லை.

அருள்மணி


மண்டபத்தூர்,
23 ஜனவரி 2008

தம்பி அருள்மணிக்கு அக்கா எழுதிக்கொண்டது.

பொங்கலுக்கு முன்னாலேயே பூங்கொடியையும் கூட்டிக்கொண்டு கங்கொள்ளிக்குப் போய் வந்தேன். உத்தரவை பிளாஸ்டிக் உறையில் போட்டு அவள்தான் வைத்துக்கொண்டாள். ரயிலில் அப்பா எப்படிச் சிரிப்பார், முன்பற்களில் எது உடைந்தது என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள். மறந்துவிடவில்லை, சரிபார்த்துக்கொண்டாள்.

அவர் அங்கே இல்லை.

நான் வந்துவிட்டுப் போன கொஞ்ச நாளிலேயே கிளம்பிவிட்டாராம். வெராவல் என்று குஜராத்தில் ஒரு துறை, அங்கே போகிற போட்டில் ஏறியிருக்கிறார். கூட வேலை பார்த்த பட்டினத்துக்காரர் மன்சூர் அலி சொன்னார். போகும்போது அவரிடம், “நான் இங்க இருந்தா அவ சும்மா இருக்க மாட்டா. தேடித் தேடி வந்து எல்லார் பொழப்பையும் கெடுத்துக்குவா” என்றாராம். இந்த உத்தரவைக் காட்டி, இனி யார் பிழைப்பும் கெடாது என்று சொல்ல அவர் இல்லை. மன்சூர் அலி அதை வாங்கி முழுசாகப் படித்துவிட்டு, மடித்துக் கொடுத்து, “கொஞ்சம் முந்தி வந்திருக்கப்படாதா, தங்கச்சி” என்றார். பூங்கொடி அவர் உட்கார்ந்து வலை தைத்த இடத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினார். கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

திரும்பி வந்ததிலிருந்து ஒன்றை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஒன்றரை வருஷம் நான் உன்னோடு பேசாமல் இருப்பதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தேன். நீ அனுப்பிய சீரைத் திருப்பி அனுப்பிவிட்டு அன்றைக்கு முழுக்க ஜெயித்துவிட்டது போல இருந்தேன். அந்த ஒன்றரை வருஷமும் அவர் ரயில் ஏறினால் போய்ச் சேருகிற தூரத்தில்தான் இருந்தார். உன்மேல் கோபப்பட்டதில் பாதியை அவரைத் தேடுவதில் போட்டிருக்கலாம். மால்பேயில் இல்லை என்று யாரோ சொன்னதும், இல்லை என்று இருந்துவிட்டேன். நீ அவசரப்பட்டாய். நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒதுங்கிப் போய்விட்டார். மூன்று பேரும் மற்றவர்களுக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தோம்.

மூத்தார் என் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறார், உள்ளே வர மாட்டேன் என்கிறார். நேற்று ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

உனக்கு வேலை திரும்பக் கிடைக்குமா, கிடைக்காதா என்று எனக்குத் தெரியாது. கிடைத்துவிட்டால் உனக்கு லீவு கிடைக்காது. அதனால் இப்போதே வா. பூங்கொடியைச் செல்லையன் வீட்டில் விட்டுவிட்டு நாம் வெராவலுக்குப் போவோம். சென்னையிலிருந்து அகமதாபாத்துக்கு ரயில் இருக்கிறது என்று மன்சூர் அலி சொன்னார். அதற்கப்புறம் கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டுமாம். எனக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியாது. உனக்கும் தெரியாது. பரவாயில்லை. இரண்டு பேராக இருந்தால் கேட்பதற்குக் கூச்சமாக இருக்காது.

அக்கா